கூர்மானந்தரின் மஞ்சள் சொட்டு

மூக்கண்டப்பள்ளியில் வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். ஆமையோடு நிற்கிறவர்கள் பத்துப் பேராவது தேறுவார்கள். டிபன் பாக்ஸில் ஆமை, பூக்கூடையில் ஆமை, ஊறுகாய் டப்பாவில் ஆமை. கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமைகள். எல்லாம் கூர்மானந்த சாமியைப் பார்க்கப் போகிற கூட்டம். போன வருஷம் வரைக்கும் ஆமை என்ற பேரைக் கேட்டாலே வாசலைக் கழுவி விட்டவர்கள்தான் இவர்கள். சாமி வந்து, ஆமை சாட்சாத் லட்சுமி என்றார். அவ்வளவுதான், ஆளுக்கொரு லட்சுமியைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு வடக்குப் பார்த்து வைத்துவிட்டார்கள். ஆமை விற்றவரும் சாமிதான் என்பதைத் தனியாகச் சொல்லணுமா?

சும்மா சொல்லக்கூடாது, விவரமான கூட்டம். வேலை பார்க்கிற கம்பெனியில் ஒரு நட்டைக்கூட அளந்து பார்க்காமல் பெட்டியில் போடமாட்டார்கள். ஒரு மயிரிழை கூடினாலும் ரிஜெக்ட். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது அந்தப் புத்தியையும் கேட்டில் ஒப்படைத்துவிட்டு வருவார்கள் போலிருக்கிறது.

சாமிக்கு எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் எல்லாருக்கும் ஓரளவு ஓடும். சாமி மூன்றையும் கலந்து, எந்தப் பாஷைக்காரருக்கும் முழுசாகப் புரியாதபடி பேசுவார். அதற்குத் தேவபாஷை என்று பேர் வைத்தார்கள் நம் ஜனங்கள்.

ஆமைத் தண்ணீருக்கு அவர் போட்ட சட்டத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கம் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்றைக்கு டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்வோம். முதல் குடம் மட்டும் பூஜை அறைக்கு என்று தனியாகப் போகும். ஆகவே லட்சுமிக்கும் குழாயில் வந்த முதல் தண்ணீர்தான் ஊற்றணும், டிரம்மில் கிடந்த பழைய தண்ணீர் ஆகவே ஆகாது என்றார். பிடித்த கையோடு மூடிவிடணும், காற்றும் வெயிலும் பட்டால் சக்தி போய்விடும் என்றும் சொன்னார். பக்தியாகச் செய்தார்கள். பக்தியாகச் செய்த வீட்டில் எல்லாம் ஆமைக்குக் கண் வீங்கியது, தீனி எடுக்கவில்லை, ஓட்டை விட்டுத் தலையை நீட்டவில்லை. ஆமையைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் ஓடினார்கள்.

சாமி ஆமையைப் பார்க்கமாட்டார். தண்ணீர் பிடித்தது யார் என்றுதான் கேட்பார். எந்த வீட்டில் ஆம்பளை குடம் தூக்கியிருக்கிறான்? பெரும்பாலும் மருமகள்தான். அவள் கையைக் கழுவிவிட்டு, சாமி வீட்டு முற்றத்துக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வரணும். சாமி அதில் ஒரு சின்ன பாட்டிலிலிருந்து சொட்டு விடுவார். தண்ணீர் மஞ்சளாகும். அந்தப் பெண்ணுக்குக் கைதோஷம்! பக்கத்தில் சாமியின் வெள்ளி டம்ளர் இருக்கும், அதிலும் அதே சொட்டு. தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு என்ன, கூர்மப் படிகம் என்று கல்கண்டு மாதிரி ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். ஒரு துண்டு போட்டால் தண்ணீர் சுத்தமாகும், அடுத்த வாரம் மறுபடி வரணும்.

என் பக்கத்து வீட்டு மாதேஸ்வரி மருமகள் பிரவீனாவை அங்கே கூட்டிப் போனாள். ஊத்தங்கரைப் பெண், ஐந்து மாசம். போன தடவை வயிற்றில் தங்காமல் போனதால் மாதேஸ்வரிக்கு ஒரே பயம், அந்தப் பயத்தில்தான் ஆமையே வாங்கினாள். பிரவீனா பிடித்த தண்ணீரும் மஞ்சளானது. சாமி அவள் வயிற்றைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார். இரண்டு உயிரும் ஒரே நூலில் கட்டியிருக்கிறது, இது போனால் அதுவும் போகும் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கையைப் பார்ப்பாராம். அப்போதும் தோஷம் இருந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடணும், அவர் சொல்கிறவரைக்கும் புருஷன் முகத்தில் முழிக்கக்கூடாது. புருஷன் மணிகண்டன் என்று ஒருத்தன் இருந்தான். நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஐந்து மாசப் பிள்ளைத்தாய்ச்சியைக் குடத்துத் தண்ணீருக்காக வீட்டை விட்டு அனுப்புகிறார்கள்!

பிரவீனா அழுதாள். அழுது முடித்து யோசித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் செக்கப் என்று கிளம்பியவள், டிபன் பாக்ஸில் ஆமையையும் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனாள். அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்களாம்: குழாய்த் தண்ணீரை மோந்து பார்த்திருக்கியா? பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்குமே, அதுதான் குளோரின். நாம் குடிக்கிற தண்ணீரில் கிருமி சாக அதைப் போடுகிறார்கள். அதிலேயே நாள் முழுக்கக் கிடக்கிற ஆமைக்குக் கண் எரியாமல் என்ன செய்யும்? வாளியைத் திறந்து வெயிலில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். சாமி செய்ததை இவள் சொல்ல, அதையும் விளக்கினார்களாம். மஞ்சள் சொட்டு, நீச்சல்குளத்தில் குளோரின் பார்க்கிற மருந்து. படிகம், மீன்தொட்டிக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிற உப்பு, அது குளோரினை முறிக்கும். வெள்ளி டம்ளரில் அதை முன்னாடியே போட்டிருப்பார். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. பிரவீனா மாமியார் கண்ணெதிரிலேயே ஒரு வாளி பிடித்து, மூடாமல் மொட்டைமாடியில் வைத்தாள். நாளைக்கு ஊருக்குப் போகிறவள்தானே என்று மாதேஸ்வரி விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரவீனாவின் துணிப்பையோடுதான் கிளம்பினார்கள். அங்கிருந்து அப்படியே பஸ் ஏற்றிவிடுவதாகத் திட்டம். வேடிக்கை பார்க்க நானும் போனேன். சாமி குழாயைக் காட்டினார். பிரவீனா நகரவில்லை, பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"நேத்து நான் பிடிச்ச தண்ணி, சாமி. எங்க அத்தை பக்கத்துலயே இருந்தாங்க. அதே கைதான். சொட்டு விடுங்க."

சாமி மாட்டேன் என்று தேவபாஷையில் ஏதோ சொன்னார். கூட்டம் விடச் சொன்னது. விட்டார். தண்ணீர் வெள்ளி டம்ளர் மாதிரியே பளிங்காக நின்றது.

சாமி லேசுப்பட்டவரா? தாம் வீட்டிலிருந்தே பார்த்த பார்வையில் தோஷம் போய்விட்டது என்றார். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அட, இவர்களை என்னதான் செய்வது?

"போயிருச்சுன்னா சரி," என்றாள் பிரவீனா. "இப்ப நீங்களே உங்க குழாயில ஒரு டம்ளர் பிடிச்சு அதுல விடுங்க. தோஷமே இல்லாத கைதானே உங்க கை?"

சாமி கண்ணை மூடிக்கொண்டார். தியானமாம். முற்றத்தில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் தண்ணீர் வருவதே வெள்ளிக்கிழமைதான். அதனால்தான் தரிசனமும் வெள்ளிக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மாதேஸ்வரிதான் எழுந்தாள். துணிப்பையைக் கீழே வைத்தாள், காலி டம்ளரை எடுத்துச் சாமியின் கையில் திணித்தாள்.

"பிடிங்க சாமி. நானும் பாக்கணும்."

வேறு வழியில்லாமல் பிடித்தார். சொட்டை மாதேஸ்வரியே விட்டாள். தண்ணீர் மஞ்சளானது. மற்றப் பெண்களுக்கு ஆன அதே மஞ்சள், ஒரு பொட்டுக் குறையவில்லை.

மாதேஸ்வரி டம்ளரைச் சாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என் மருமவளை ஊத்தங்கரைக்கு அனுப்பச் சொன்னீங்க. உங்களை எங்க சாமி அனுப்பறது?"

அப்போதுதான் தெரிந்தது, சாமிக்குச் சுத்தமான தமிழ் வரும். "பொழப்பைக் கெடுக்காதம்மா" என்று அட்சரம் பிசகாமல் கெஞ்சினார். அதற்குள் மாரம்மா என்கிற அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டாள். அவள் மருமகள் ரெண்டு மாசமாகத் தளியில் தாய்வீட்டில் கிடக்கிறாள். சாமி பின்வாசல் வழியாக ஓடிய வேகத்தைப் பார்க்கணுமே, ஆமைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

துணிப்பையை மாதேஸ்வரியே தூக்கிக்கொண்டு மருமகளோடு வீட்டுக்குத் திரும்பினாள். ஆமை கண் திறந்துவிட்டது, இப்போது கீரை தின்கிறது. மாரம்மா மகனைக் கூட்டிக்கொண்டு தளிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெண் வருவாளோ மாட்டாளோ, நான் அவளாக இருந்தால் வரமாட்டேன்.

கதை முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? நேற்று ஒருவர் என்னிடம் விசாரிக்கிறார், பாகலூர்ப் பக்கம் கிளிக்கு மந்திரிக்கிறவர் ஒருத்தர் வந்திருக்கிறாராமே, எந்தக் கிழமை பார்ப்பார் என்று. ஐயா, ஒரு வாளியை மூடாமல் வைத்தாள் பிரவீனா, தண்ணீர் தெளிந்துவிட்டது. உங்கள் மண்டையையும் கொஞ்சம் திறந்து வையுங்கள், எந்தக் கிழமையும் பார்க்க வேண்டாம்.