மணிக்கூட்டு மேசிரியும் பள்ளிக் கிடாரமும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து கோணும்; எழுத்துப் பிழையும் இருக்கும். துணியில் பிழை விட்டால் பிரித்துத் தைக்கத் தெரியும். கடதாசியில் அந்த வித்தை தெரியாது. பத்திரிகைக்காரர்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

கல்முனைக்கு நத்தார் டிசம்பர் இருபத்தைந்தாம் திகதி வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிக்கூட்டு மேசிரி பள்ளிவாசலின் பெரிய சோற்றுக் கிடாரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாரி மழைக்குள் எங்கள் தெருவில் இறங்குவாரே, அன்றைக்குத்தான் வந்தது. தூரத்தில் பார்த்தால் ஓர் ஆமை எழும்பி நின்று இரண்டு காலால் நடப்பது போல இருக்கும். ஆமைக்குள்ளிருந்து பாட்டும் கேட்கும்.

மேசிரி, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். எல்லோரும் முஸ்லிம்களாக இருந்த எங்கள் தெருவில் அவரும் அவர் மனைவி நோனாவும் மட்டுமே வேதக்காரர். மணிக்கூடு திருத்துவது தொழில்; கைவேலைக்காரரை நாங்கள் மேசிரி என்போம். வீட்டுச் சுவரில் பதினான்கு மணிக்கூடுகள். ஒன்று சொல்வதை இன்னொன்று ஒப்புக்கொள்ளாது.

"எதுதான் மேசிரி சரியான நேரம்?" என்று கேட்டால், "எல்லாம் சரிதான் மனே. உனக்கு எத்தனை மணி வேணும்?" என்பார்.

ஒரு மணிக்கூட்டை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். அது நாலரை மணித்தியாலம் முந்தி ஓடும். கடைசி மகள் ரோசி புருசனோடு கப்பலேறிப் போன அவுஸ்திரேலியாவின் நேரம் அது. மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு அதன் கீழே நின்று, "ரோசி இப்ப பின்னேரத் தேத்தண்ணி குடிப்பாள்" என்பார். போகும்போது அவள், "அடுத்த நத்தாருக்கு வருவன் பப்பா" என்று சொல்லியிருந்தாள். பெண் பிள்ளைகள் அழுகையை அடக்கச் சொல்லும் பேச்சு அது. மேசிரியோ அதை முத்திரை குத்திய உறுதியாக எடுத்துக்கொண்டார்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நத்தார் கேக்குக்குக் கூட்டிய மாவை வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே பாத்திரத்தில் கிண்ட வேண்டும். மூத்தவர் முதல், கடைக்குட்டி கடைசி. கிண்டும்போது வாய் திறக்காமல் மனத்துக்குள் ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்டதை வெளியே சொன்னால் பலிக்காது. தாய், தகப்பன், ஏழு பிள்ளைகள். ஒன்பது பேரின் கை படாத மாவு அடுப்பேறாது. மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே கொழும்புக்கும் கடலுக்கு அப்பாலும் போய்விட்டார்கள். ரோசியும் போனபின் ஏழு பேரின் கை குறைந்தது. மேசிரி யோசித்தார். அந்த ஏழு பேரின் கையையும் எங்கள் தெருவில் இரவல் எடுத்தார்.

கை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கேக் போக வேண்டும் என்பதால் பாத்திரமும் பெரிதாக வேண்டியிருந்தது. கந்தூரிச் சோறு ஆக்கும் செப்புக் கிடாரம் பள்ளிவாசலில் இருந்தது. அதற்குக் காவல், பாங்கு சொல்லும் மோதினார் காக்கா.

"கேக்குக்குப் பிராந்தி ஊத்துவீங்களே மேசிரி. பள்ளிக் கிடாரம் தரேலா."

"பிராந்தி பிறகு மனே. என்ட பங்குக்கு மட்டும், என்ட வீட்டுத் தாச்சிக்குள்ள. இந்தா போத்தல், மூடி உடைக்கல்ல. நம்பிக்கை இல்லாட்டி நீயே வெச்சிரு."

"அல்லாட காவல்! பள்ளி வாசல்ல போத்தலோட நான் நிண்டா ஊரு என்ன செல்லும்?"

"அப்ப போத்தலை நோனா வெச்சிருக்கட்டும். கிடாரத்தை நான் வெச்சிருக்கிறன்."

இந்த நியாயத்தில் எங்கே பிழை இருக்கிறது என்று மோதினார் யோசித்து முடிப்பதற்குள் ஆமை தெருவில் இறங்கிவிட்டது.

மேசிரி வீட்டுக்கு எதிரே இருந்தது என் தையல் கடை. கூரை ஒழுகாது என்பதால் கிடாரம் என் கடை விறாந்தையில் இறங்கியது. ரவை, முட்டை, கஜு, சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி எல்லாம் நோனா கூட்டிவைத்தார். கிண்டுவதற்குச் சாய்ந்தமருதுத் தோணிக்காரர் ஒருவரிடம் வாங்கிச் சீவிய துடுப்பு.

"மோதினார், நீதான் என்ட மூத்த மகன். வா, பிடி."

"ஒங்கட மூத்த மகனுக்குத் தாடி இரிக்கா?"

"அவன் போய் ஆறு வருசம். வளத்திருப்பான்."

நான் எங்கே போனாலும் கூட்டத்தின் கடைசியில் நிற்பவன். அன்றும் அப்படியே நின்றேன். கடைசியில் நிற்பவன் கடைக்குட்டி அல்லவா?

"டெய்லர், நீதான் ரோசி!"

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மீசை இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு வாப்பா. தெரு உருண்டு சிரித்தது. மறுநாள் மீன் வாங்கப் போனால், "வா ரோசி, நல்ல பாரைக்குட்டி இரிக்கி" என்றார் மீன்காரர். ஒரு வாரம் கருவாடே தின்றேன்.

மேசிரி மட்டும் சிரிக்கவில்லை. என் காதுக்குள் சொன்னார்: "ரோசியா நின்டு கேள் மனே. அவள் என்னத்தைக் கேப்பாளோ, அதைக் கேள்."

பிஸ்மில்லாஹ் சொல்லித் துடுப்பைப் பிடித்தேன். மாவு சேற்று வயல் போலக் கனத்தது. ஒரு பெண் பிள்ளை என்ன கேட்பாள் என்று எனக்கென்ன தெரியும்? எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நிமிர்ந்தேன், கடைக்குள் என் பழைய கை மெசின் தெரிந்தது. 'யா அல்லாஹ், ஒரு கால் மெசின்' என்று கேட்டுவிட்டேன்.

கால் மெசின் வந்தது. அடுத்த அறுவடையோடு என் மச்சான் வாங்கித் தந்தார். ரோசி வரவில்லை.

மேசிரி எண்ணெய்க் குப்பியோடு ஓடிவந்தார். தனக்கே வந்தது போலச் சந்தோஷப்பட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பல்லுக்குப் பல் எண்ணெய் விட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கேட்க வேண்டியதை அல்லவா நான் எனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன்! அந்த மெசினில் அவருக்கு நத்தார்ச் சட்டை தைத்தபோது மூன்று ஊசி உடைந்தது. சொல்லி மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம்தானே.

அடுத்த டிசம்பரில் யாரும் கூப்பிடாமலே ரோசியின் இடத்தில் போய் நின்றேன். 'ரோசியும் அவள் வாப்பாவும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்' என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "போதும் மனே, கிடாரம் ஓட்டையாப் போகும்" என்று மேசிரி கையைப் பிடிக்கும்வரை கிண்டினேன்.

அதுவும் பலித்தது. அடுத்த மாரிக்கு முன் ரோசியின் கடிதம் வந்தது. 'பப்பாவும் மம்மாவும் தனியே கிடந்தது போதும், இங்கே வந்துவிடுங்கள்' என்று கப்பல் சீட்டோடு வந்தது.

மேசிரி மணிக்கூடுகளைத் தெருவுக்குப் பங்கிட்டார். நாலரை மணித்தியாலம் முந்தி ஓடுவதை என்னிடம் தந்தார். "இதைத் திருத்திப்போடாதே, டெய்லர்."

கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்: "ரெண்டாம் வருசம் அந்தக் கிண்டுக் கிண்டினியே, என்னத்தைக் கேட்டாய்?"

"செல்லக் கூடாதே மேசிரி."

"ஓம் ஓம், சொல்லாதே." பெட்டியைக் கையில் எடுத்தார். "நான் அவள் இஞ்ச வரவேணும் எண்டுதான் கேட்டனான். ரெண்டு வருசமும்."

பஸ் போனபின்தான் எனக்கு விளங்கியது. ஒரே வீடு என்று கேட்டேன். எந்த ஊர் வீடு என்று சொல்ல மறந்துவிட்டேன்.

அவர் போய் நாலு வருசம். இந்த மாத முதல் வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு மோதினார் காக்கா என் கடைக்கு வந்தார். தலையில் கிடாரம் கவிழ்ந்திருந்தது.

"என்ன காக்கா, எங்க கந்தூரி?"

"கந்தூரி ஒண்டுமில்ல. உள்ளுக்கே கிடந்து களிம்பு புடிக்கிது. காத்துப் படட்டும் எண்டு கொண்டாந்தன்."

விறாந்தையில் அதே இடத்தில் இறக்கி வைத்தார். வெளியே நல்ல மழை. சுவரில் மேசிரி தந்த மணிக்கூடு ஆறரை காட்டியது. அங்கே பொழுதுபடும் நேரம். அவர் எழும்பிப் போனபின் மூலையில் இருந்த துடுப்பை எடுத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி வெறும் கிடாரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

என்ன கேட்டேன் என்று சொல்லக் கூடாது. ஊரின் பெயரை மட்டும் இம்முறை மறக்கவில்லை.

1959 டிசம்பர் 24