தேங்காய்க்காரர் தட்டிய மேற்குச் சுவர்

திண்டுக்கல்லுக்கும் ரெட்டியார்சத்திரத்துக்கும் நடுவே எங்கள் தேங்காய்க்காரரின் விரல் படாத பொருள் ஒன்றுகூட இருக்க முடியாது. அவருக்குப் பெயர் என்று ஏதோ உண்டு, அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். வாழ்நாளெல்லாம் தேங்காயைத் தட்டித் தட்டி விற்றதில் நடுவிரல் முட்டி காய்த்துப்போய், கை சும்மா இருக்க மறுத்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வந்தால் தட்டுவார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவார். எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை முதுகில் தட்டிவிட்டு, "சளி கட்டிருக்கு, மொதல்ல அதப் பாருங்க" என்றார். அந்த நல்ல மனிதரும் நேரம் பார்த்து இருமித் தொலைத்தார். கல்யாணம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

அப்பேர்ப்பட்டவர் இருக்கும் தெருவில்தான் நான் வீடு கட்டினேன்.

கட்டிக் கொடுத்த மேஸ்திரி என் மனைவியின் சித்தப்பா, எனக்கு மாமா. சொந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தால் குறை சொல்ல வாயே வராது. மேற்குச் சுவரின் வெளிப்பூச்சில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது. மென்று விழுங்கிக் கேட்டேன்.

"வெயிலு அப்பிடி மாப்ள. பெயிண்ட் அடிச்சா அம்புட்டும் அடங்கிரும்" என்றார்.

பால் காய்ச்ச இன்னும் பன்னிரண்டே நாள். பத்திரிகை கொடுத்தாயிற்று, மறுநாள் பெயிண்டர் வருகிறார். வெடிப்பு அடங்கியதோ இல்லையோ, நான் அடங்கிவிட்டேன்.

அன்று காலை தேங்காய்க்காரர் வந்தார். காதைச் சுவரோடு ஒட்டி வைத்துத் தட்ட ஆரம்பித்தார். டக். டக். டக். டொப்.

"தம்பி, இது அழுகல்."

"அண்ணே, இது செவருண்ணே."

"எதுவா இருந்தா என்ன? பூச்சு செங்கல்ல ஒட்டல. உள்ள காத்துதான் இருக்கு."

கரித்துண்டால் அந்த இடத்தை வட்டமிட்டார். சாரம் இன்னும் பிரிக்கவில்லை. எழுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிலும் ஏறிவிட்டார். இறங்கும்போது சுவருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

உடைத்தால் மாமா போய்விடுவார். உடைக்காவிட்டால் ஐப்பசி மழையில் சுவர் போய்விடும்.

மாமா வந்து பார்த்தார். "எவன்யா என் செவத்துல கோலம் போட்டது?"

"நாந்தேன்."

"கரணை புடிச்சு இருவத்தஞ்சு வருசமாச்சு எனக்கு. தேங்காயத் தவிர ஒமக்கு என்னய்யா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு வட்டத்தக் கொத்திப் பாரும். நல்லா இருந்துச்சுன்னா விசேசத்துக்குத் தேங்கா பூராம் நாந் தாரேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கொத்திருவோம் மாமா" என்றேன். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவள் வீட்டாரை எதிர்த்து நான் பேசிய முதல் வாக்கியம் அது.

மாமா ஓங்கி ஒரு அடி அடித்தார். வட்டம் மட்டும் விழவில்லை, கதவு அகலத்துக்குப் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னாலிருந்த செங்கல், சூளையிலிருந்து அன்றுதான் இறக்கியதுபோல் காய்ந்து கிடந்தது.

"செங்கல்லுக்குத் தண்ணியே காட்டலியே மேஸ்திரி, என்னைக்குப் பூசுனது?" என்றார் தேங்காய்க்காரர்.

மாமா தரையைப் பார்த்தார். "கன்னிவாடி கெடா வெட்டுக்கு மொத நாளு. வண்டிக்கு நேரமாச்சுன்னு நனைக்காமப் பூசிட்டுக் கெளம்பிட்டோம்."

"சரி, பூசுன பெறகு தெனம் தண்ணி அடிக்க வேண்டியது யாரு?"

இப்போது நான் தரையைப் பார்த்தேன். அது வீட்டுக்காரன் வேலை. மாமா வீட்டுக் கெடா வெட்டுக்குக் குடும்பத்தோடு போய் மூன்று நாள் தங்கி, முதல் பந்தியில் உட்கார்ந்து, நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்த வீட்டுக்காரன் சாட்சாத் நான்தான்.

தேங்காய்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கெடா செடி கொடியத் திங்கும்னு தெரியும். செவத்தத் தின்னத இப்பத்தேன் பாக்குறேன்."

முதலில் சிரித்தவர் மாமாதான். சிரித்தபடியே சட்டையைக் கழற்றிவிட்டு அவரே சாரத்தில் ஏறினார். டொப்பு இருந்த இடமெல்லாம் கொத்தி, நனைத்து, மறுபடி பூசினார். காலையும் மாலையும் ஓஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தவர் தேங்காய்க்காரர். பக்கத்தில் வாளியோடு நான். பால் பொங்கிய அன்று வீடு மூன்று பக்கம் மஞ்சளாகவும் மேற்கே சிமெண்ட் நிறமாகவும் நின்றது. மாமாவே தேங்காய்க்காரரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார்.

பிற்பாடு, அதே சுவரில் சமையலறைக் கழிவுநீர்க் குழாய்க்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு டொப்பு விட்டுப்போனது தெரிந்தது. கடைக்குப் போகிற வழியில் தேங்காய்க்காரர் தினமும் சைக்கிளை நிறுத்தி அதைத் தட்டுவார். "இன்னும் பரவல தம்பி" என்பார். டீ குடிப்பார், போவார்.

கண் ஆபரேஷன் என்று இப்போது பத்து நாளாக வெளியூரில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறார். காலை விடிந்தால் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஐந்தாம் நாள் நானே போய்த் தட்டிப் பார்த்தேன். பரவியிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாமா கரணையோடு வந்து நின்றார். "அந்த ஒண்ண மட்டும் ஏன் மாப்ள வச்சிருக்க? செத்த நேரத்துல பூசிருவேன்."

"வேண்டாம் மாமா, இருக்கட்டும்" என்றேன். "நாளைக்கு அண்ணன் மக வீட்டுலேருந்து வாராரு."