யார் கேட்க வேண்டும்?

மட்சுஎ, ஜூன் 14

மரியாதைக்குரிய சுமிஎ அத்தைக்கு,

வாசலில் வைத்த குடைகள் காயவே காயாத இந்த மழைநாட்களில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பருவத்தைச் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பது நீங்கள் அனுப்பிய மூன்று புத்தகங்களில் பழுப்பு அட்டை போட்டதன் விதி. இனிமேல் தெளிவாக எழுதக் கற்றுத்தரும் புத்தகங்களை எனக்கு அனுப்ப வேண்டாம். முடிவை முதலில் சொல் என்பது நீல அட்டையின் விதி.

போன வாரம் அப்பா சமையலறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, அம்மா காய்களைப் புதைத்து ஊறுகாய் போடும் பானைத் தவிட்டை, நாற்றமடிக்கிறது என்று குப்பையில் கொட்டிவிட்டார். பதினான்கு வருடமாக அம்மா தினமும் கைவிட்டுக் கிளறி வளர்த்த தவிடு அது, என்னைவிட ஒரு வயது மூத்தது. அம்மா காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு தொத்தோரியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவுக்குப் போனில் பேசப் பயம். "நீதான் புத்தகமா படிக்கிறியே, என் பேர்ல ஒரு கடிதம் எழுதிக் குடும்மா" என்றார். பழுப்பின்படி எழுதினேன், மழையும் தவளையும் முடியவே இரண்டு பக்கம் ஆயிற்று, மன்னிப்பு வந்து சேரவில்லை. நீலத்தின்படி மாற்றினேன், 'தவிடு போய்விட்டது' என்று தொடங்கியது, அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. மூன்றாவதான மெல்லிய வெள்ளைப் புத்தகம், படிப்பவருக்குத் தெரிந்ததை வெட்டு என்றது. நம் மொழியில்தான் 'நான்', 'நீ' இல்லாமலே வாக்கியம் நிற்குமே என்று வெட்டிக்கொண்டே போனேன். மிஞ்சியது இரண்டு வரி: 'மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வர வேண்டும்.' இதைவிடத் தெளிவு கிடையாது என்று கையெழுத்துக்குப் பதிலாக அப்பாவின் பெயர் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மாவின் போன் வந்தது.

"யார் கேக்கணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வெள்ளைப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்றார் அப்பா. "நான்தான் கேக்கணும். புதுத் தவிட்டையும் நானே கிளறுறேன்."

மறுநாள் அம்மா பானையோடு வந்துவிட்டாள். அப்பா தினமும் காலையில் மூக்கைத் திருப்பிக்கொண்டு கிளறுகிறார். எனவே என் தீர்ப்பு: பழுப்பு மரியாதையானது, நீலம் அவசரக்காரர்களுக்கு, வெள்ளை குடும்பத்துக்கு ஆபத்தானது.

ஈரத்தில் சளி பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
சிஹாரு

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மா இதைப் படித்துவிட்டாள். "யாருன்னு முதல் வரியிலேயே தெரியும்டி. அவர் வாயால வரட்டுமேன்னுதான் கேட்டேன்" என்கிறாள். ஆகவே வெள்ளைப் புத்தகத்தின் மேல் குற்றமில்லை. மேலே எழுதிய தீர்ப்பை ரத்து செய்கிறேன். நான்காவது புத்தகம் இருந்தால் அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டியவர் நீங்கள்.