தெமோதரையில் இறங்காத ரதி

வாத்தியார் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்னும் வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, இருபத்திரண்டு வயதில் தெரியாத விஷயம் என்று ஒன்றும் இருக்கவில்லை. மழை ஏன் பெய்கிறது, துரை ஏன் கத்துகிறார், கப்பல் ஏன் மிதக்கிறது, யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பேன். (பதில் சரியா என்று பார்க்கக்கூடியவர்கள் தோட்டத்தில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.)

அந்த அறிவுதான் என்னை ஒரு மாசி மாதத்துப் பிற்பகலில், சிவப்புச் சேலை, கொண்டை, கால் நிறையச் சலங்கை சகிதம், ஹாலி-எல கடைவீதியில் கொண்டுபோய் நிறுத்தியது.

பதுளை வரைக்கும் ரயில் ஓட ஆரம்பித்திருந்த புதிது. நான் அதில் ஏறியதில்லை. ஆனால் ஒருநாள் தெமோதரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது, தேயிலை மலையில் நின்று பார்த்திருக்கிறேன். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது, மலையை ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடியும் ஸ்டேஷனை நோக்கியே வந்தது. அதற்குப் பிறகு ஒரு பாறை மறைத்துக்கொண்டது. பாறைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். “தேர் நிலையிலேருந்து கெளம்பி, வீதியெல்லாம் சுத்தி, மறுபடி நிலைக்கே வருதில்ல? ரயிலும் அப்படித்தான். தெமோதரையில ஒரு சுத்து வந்து, அதே ஸ்டேஷன்ல நின்னுட்டுத்தான் பதுளைக்குப் போகும்” என்று பாடம் நடத்தினேன். ஏன் அப்படிச் சுற்றுகிறது என்று கேட்ட பெரியவர்களுக்கு, மலை இறங்கி வந்த எஞ்சின் இளைப்பாற வேண்டாமா என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இனி ரதி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மலைப்பக்கத்துத் தோட்டங்களில் மாசி பிறந்தால் காமன் கூத்து. கம்பம் நட்டு, காப்புக் கட்டி, விரதமிருந்து, ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் செய்துவைப்போம். சில நாளில் சிவபெருமான் மன்மதனை எரிப்பார், ரதி ஒப்பாரி வைப்பாள், தோட்டமே தன் வீட்டு இழவாக நினைத்து அழும். ரதி வேஷம் ஆண்பிள்ளைக்குத்தான். மீசை இல்லாதவனாக இருந்தால் நல்லது. எனக்கு மீசை இல்லை. (வரும் வரும் என்று நானும் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தேன்.)

அந்த வருஷம் பெரிய கங்காணி வீட்டில் சாவு விழுந்ததால் எங்கள் தோட்டத்தில் கூத்து இல்லை. தெமோதரைத் தோட்டத்தில் உண்டு. ஆனால் அங்கே ரதி கட்டவிருந்த அங்கமுத்துவுக்கு, சாமி கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. ஒரு பக்கத்துக் கன்னம் பலாப்பிஞ்சு அளவுக்குத் தொங்குகிறதாம். கூத்தை எடுத்து நடத்திய முத்தன் கங்காணி ஆளனுப்பினார்: “ஒங்க தோட்டத்து வாத்தியாரு போன வருசம் ரதி கட்டினாரே, அவரை அனுப்பி வையுங்க.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் சாமி பக்தி என்று எழுத ஆசைதான். உண்மைக் காரணம், முத்தன் கங்காணிக்கு மீனாச்சி என்று ஒரு மகள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே பெண் கேட்டுவிட்டிருந்தார்கள். அவர் “பையனை ஒரு தரம் பாத்துட்டுச் சொல்றேன்” என்று இழுத்துக்கொண்டிருந்தார். இப்போது பார்க்கப் போகிறார். (மாமனார் பார்க்கட்டும் என்று சேலை கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

பெண் வெளித் தோட்டத்திலிருந்து வருவதால் முறைப்படி பெண்ணழைப்பு வேண்டும் என்று பேசி முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் சுப்பையா அண்ணன்தான் பெண்ணுக்குத் தகப்பன் ஸ்தானம். சீர்த்தட்டுத் தூக்க நாலு பேர். நடந்து போனால் அரிதாரம் வியர்வையில் கரைந்துவிடும், ஆகவே ரயில். மாப்பிள்ளை வீட்டார் தப்பு அடித்துக்கொண்டு தெமோதரை ஸ்டேஷனுக்கே வந்து எதிர்கொண்டு அழைப்பார்கள். பொழுது சாய்வதற்குள் தாலி ஏறியாக வேண்டும். சாயாவிட்டால் குற்றமில்லை, சாய்ந்துவிட்டால் சாமி குற்றம் என்று முத்தன் கங்காணி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்ல ஸ்டேஷனில் நான் ஏறியதும் பெட்டியில் இருந்த பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மலை ஓடியது, மரம் ஓடியது, கல்பாலத்தில் வண்டி வளைந்தபோது நானும் சேர்ந்து சாய்ந்தேன். இப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கவேண்டும் என்ற நினைப்பே கசந்தது.

தெமோதரையில் வண்டி நின்றது. தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. கரும்பு வில்லோடு மன்மதன் நிற்கிறான். பக்கத்தில் முத்தன் கங்காணி. அவருக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில், மஞ்சள் தாவணியில், மீனாச்சி. அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. சாதாரண ஆள் மாதிரி தொபுக்கென்று இறங்குவதா? தேர் மாதிரி மலையை ஒரு பிரதட்சிணம் வந்து, எல்லாரையும் காக்கவைத்து இறங்கினால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்? மீனாச்சியும் இரண்டு தரம் பார்ப்பாள்.

சீர்த்தட்டுகள் இறங்கிவிட்டன. சுப்பையா அண்ணன் கீழே நின்று கையை நீட்டினார்.

“எறங்குங்க வாத்தியாரே, வண்டி எடுக்கப் போறான்.”

“நீங்க முன்னால போங்கண்ணே. நான் ஒரு சுத்து வந்து எறங்குறேன்.”

“சுத்தா?”

“இது சுத்தி இங்கதானே வரும். மறந்துட்டீங்களா?”

அவர் திரும்பி, “படிச்சவரு சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்” என்று முத்தன் கங்காணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை நளினமாக அசைத்தேன்.

எனக்கு எதிரே தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் பெரியவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் நானா, துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஹாலி-எலவில் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் கவலையோடு என்னைப் பார்த்தார்.

“ஏன் மகள், ஆக்கள் எல்லாம் எறங்கிட்டாங்க. நீங்க மட்டும் தனிய எங்க போறீங்க?”

“அடுத்து நிக்கிற எடத்துல எறங்கிருவேன் நானா” என்றேன். என் குரல் கொஞ்சம் கட்டைக் குரல். நானா மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வண்டி மலையைச் சுற்றியது. நான் சொன்னபடியே ஸ்டேஷன் பக்கம் திரும்பி வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் ஸ்டேஷன் மட்டும் கொஞ்சம் உயரத்தில் தெரிந்தது. சரி, ஏறுவான் என்று நினைத்தேன். வண்டி இறங்கிக்கொண்டே போனது, ஸ்டேஷன் ஏறிக்கொண்டே போனது. மேட்டு விளிம்பில் பெண்ணழைப்புக் கூட்டம் முழுவதும் வரிசையாக நின்று இரண்டு கையையும் ஆட்டியது. என்ன மரியாதை என்று நானும் இரண்டு கையையும் ஆட்டினேன். சுப்பையா அண்ணன் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தபோதுதான் எனக்கு லேசாக உறைத்தது.

“நானா, இது தெமோதரைக்குத்தானே வருது?”

“தெமோதரையா?” நானா மேலே கையைக் காட்டினார். வண்டி கும்மென்று சுரங்கத்துக்குள் நுழைந்து இருட்டாயிற்று. இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. “தெமோதரை இப்ப ஒங்கட தலைக்கு மேல இருக்கு, தம்பி.”

மகள் தம்பியானதைப் பற்றி வருத்தப்பட நேரமில்லை. நான் அழுதேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ரதிக்கு ஒப்பாரி வைக்க இன்னும் நாள் இருக்கும்போதே வாய்விட்டு அழுதேன். முத்தன் கங்காணி, மீனாச்சி, பொழுது சாய்ந்தால் வரப்போகும் சாமி குற்றம், எல்லாவற்றையும் நானாவிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் அவர்மேல் மரியாதை வருகிறது.

“அழாதீங்க தம்பி, மூஞ்சிப் பூச்சு கரையுது. ஹாலி-எலவில எறங்குங்க. தெமோதரை வழியாப் பண்டாரவளைக்குப் போற பஸ் நிக்கும். நான் ஏத்தி விடுறேன்.”

ஹாலி-எல கடைவீதியில் நான் சலங்கை குலுங்க நடந்ததும், காமன் கூத்து வந்துவிட்டது என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓடி ஒளியவும் முடியாது. வேஷம் கட்டிவிட்டால் ரதி சாமிதானே? சந்தைக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி சூடம் காட்டி, “தாயே, எம் மகளுக்கு நல்ல எடமா அமையணும்” என்று கும்பிட்டாள். என் இடமே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த வேளையில் நான் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தேன். யாரோ தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது.

“கலியாணப் பொண்ணு. பொழுது படுறதுக்குள்ள தெமோதரையில விடணும்” என்றார் நானா, டிரைவரிடம்.

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தான். “மாப்பிள்ள ஓடிட்டானா?”

“இல்ல, பொண்ணுதான் ஓடிருச்சு” என்றார் நானா.

பஸ் நிறைந்தது. கல்யாணம் பார்க்க வருகிறோம் என்று உள்ளே, படியில், கூரையில் எல்லாம் ஆட்கள். அந்தக் காலத்து பஸ்ஸுக்கு அவ்வளவு பேர் தாங்குமா? ஏற்றத்தில் எஞ்சின் புகைந்து நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளுங்கள் என்றான் டிரைவர். சூரியனைப் பார்த்தேன், மலை முகட்டுக்கு இரண்டு முழம்தான் இருந்தது. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நானும் தோள் கொடுத்தேன். அன்றைக்கு அந்த ஏற்றத்தில் பஸ் தள்ளிய கூட்டத்தில் சாமி நான் ஒருவன்தான்.

ஒருவழியாக வந்து சேர்ந்த பஸ்ஸிலிருந்து குதித்துத் தோட்டத்துக்குள் நான் ஓடியபோது குலவைச் சத்தம் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலுக்குள் போய் நின்றேன். கம்பத்தடியில் மன்மதன் அப்போதுதான் மூன்றாவது முடிச்சுப் போட்டு முடித்திருந்தான். தாலியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அங்கமுத்து. தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது. இன்னொரு ரதி கொண்டை சரிந்து, அரிதாரம் வழிந்து, பஸ் கரியோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் தப்புச் சத்தம் நின்றுவிட்டது.

“வந்துட்டேன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

முத்தன் கங்காணி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்த ஹாலி-எலக் கூட்டத்தைப் பார்த்தார். “இவுங்க யாரு?”

“பொண்ணு வீட்டுக்காரங்க” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

வந்த ரதியைத் திருப்பி அனுப்புவது சாமிக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதால், அந்த வருஷம் தெமோதரை மன்மதனுக்கு இரண்டு ரதி. மன்மதன் எரிந்த அன்று இருவரும் சேர்ந்து ஒப்பாரி வைத்தோம். அங்கமுத்துவுக்கு வாய் திறக்காது, எனவே கண்ணீர் அவன் பொறுப்பு, பாட்டு என் பொறுப்பு. அப்படி ஒரு அழுகையை அந்தப் பக்கம் கண்டதில்லை என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கும் பொன்னுக்கு வீங்கி வந்தது. மன்மதனுக்கும் வந்தது.

வீக்கம் வற்றியதும் சுப்பையா அண்ணனோடு முத்தன் கங்காணியின் காம்பரா வீட்டுக்குப் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. (சுற்றி வளைப்பது என் வேலை.)

“ஒரு ஸ்டேஷன்ல எறங்கத் தெரியாதவனுக்கு எப்புடிங்க பொண்ணைக் குடுக்குறது?” என்றார்.

சுப்பையா அண்ணனே அதற்குத் தலையாட்டிவிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அப்போது அடுப்படியிலிருந்து மீனாச்சியின் குரல் வந்தது.

“எறங்கத் தெரியலன்னாலும் திரும்பி வரத் தெரிஞ்சுதுல்ல. பஸ்ஸைத் தள்ளிக்கிட்டுல்ல வந்தாரு.”

“தாலி ஏறினப்புறம்ல வந்தான்” என்றார் கங்காணி.

“அது அங்கமுத்து தாலி. என் தாலிக்கு முன்னால வந்துட்டாருல்ல.”

கங்காணி எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, “கலியாணத்துக்கு நடந்தே வரச் சொல்லு” என்றார்.

நடந்தே போனேன். எல்லவிலிருந்து தெமோதரை வரைக்கும் மாப்பிள்ளைக் கோலத்தில், தண்டவாளத்தின் பக்கமே திரும்பாமல். முதல் ஆளாக வந்து வாழ்த்தியவன் அங்கமுத்து, “வாங்க சக்களத்தி” என்று.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை வட்டத்தை அழித்து, மேலே ஒரு கோடு கீழே ஒரு கோடு என்று திருத்திப் போட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிக்கொண்டேன், கஷ்டப்பட்டு. இப்போது பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. மீனாச்சியின் தாய்வீட்டு விசேஷத்துக்கு ரயிலில்தான் போகிறோம். எல்ல தாண்டியதுமே நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவருகில் போய் நின்றுவிடுவேன். தெமோதரையில் வண்டி நின்று, நான் இறங்கி, கையை நீட்டினால், அவள் ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

“நீங்க முன்னால போங்க,” என்பாள், பெட்டி முழுவதும் கேட்கும்படி. “நான் ஒரு சுத்து வந்து எறங்குறேன்.”