கோயமுத்தூர் டவர், கேக்குதுங்களா?

இன்னைக்கும் மைக் வேலை செய்யவில்லை என்றால் இந்த ஜென்மத்தில் இனி ஏரோப்ளேன் ஓட்டுவதில்லை என்று மகுடேஸ்வரன் சத்தியம் பண்ணினார். சத்தியத்தையும் அந்த மைக்கில்தான் பண்ணினார். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

பயந்துவிடாதீர்கள். அவர் ஓட்டுவது கம்ப்யூட்டர் ஏரோப்ளேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற மனுசன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனால் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நெட்டிலேயே சென்னையில் கிளம்பி கோயமுத்தூரில் இறங்குவார். இவரைப் போன்ற ஆட்கள் சேர்ந்து வைத்திருக்கிற குரூப்பில் டவர் என்று ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து உத்தரவு போடுபவர் நாகர்கோவில் ஆரோக்கியராஜ். அவரும் வீட்டில் கைலி கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் டவர் டவர்தானே? வாயைத் திறந்து அனுமதி கேட்டால்தான் இறங்க முடியும்.

பறக்க வேண்டும் என்பது மகுடேஸ்வரனுக்குச் சின்ன வயசு ஆசை. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டினார்கள், பைலட் ஆசை போச்சு. கம்பெனியில் உட்காரவைத்தார்கள், மிச்ச ஆசையும் போச்சு. அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. கப்பலைத் தவறவிட்ட சரக்கை ஏரோப்ளேனில் அனுப்ப வேண்டி வந்தால் மற்ற முதலாளிகள் செலவை நினைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இவருக்குப் பொறாமை வரும். பெட்டி ஏற்றின வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பார். அவர் தைத்த ஜட்டியெல்லாம் ஜெர்மனிக்குப் பறந்துவிட்டது. அவர் இன்னும் தரையிலேயே நிற்கிறார்.

இதையெல்லாம் பெண்டாட்டி தரணியிடம் சொல்ல முடியுமா? வயசுக்கு ஏற்ற வேலையா இது? அதனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரனோடு 'பையர் மீட்டிங்' என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம எந்தப் பையருங்க மீட்டிங் போடறான்?"

"ஜெர்மன்காரன் அம்மிணி. அவனுக்கேது ஞாயிறு?"

"அதுக்கு எதுக்குங்க மேசை மேல ஸ்டீரிங்கு?"

"அது... புது மாடல் மவுசு."

"செரிங்க."

கம்பெனிக் கணக்கு, மெயில், நிஜமான பையர் மீட்டிங் எல்லாம் அதே கம்ப்யூட்டரில் பார்ப்பவள் தரணிதான். மவுஸ் எது, ஸ்டீரிங் எது என்று அவளுக்குத் தெரியாதா? அந்தச் 'செரிங்க'வுக்கு மகுடேஸ்வரன் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

போன ஞாயிறுதான் கோளாறு ஆரம்பித்தது. இவர் கத்துகிறார், கத்துகிறார், டவருக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் ஆரோக்கியராஜ் திரையில் எழுதினார்: "சார், உங்க பக்கம் தாளிக்கிற சத்தம் மட்டும்தான் வருது. அடுத்த வாரமும் பேசலைன்னா குரூப்பில் இருந்து எடுத்துருவோம்."

தாளிக்கிற சத்தமா? மகுடேஸ்வரன் வாரம் பூராவும் மைக்கோடு மல்லுக்கு நின்றார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். நம்ம ஊரில் எது கெட்டாலும் பஞ்சு அடைத்திருக்கும் என்ற ஞானோதயம் வந்து, தையல் மெஷின் துடைக்கிற ஏர் கன்னைக் கொண்டுவந்து ஊதினார். மைக் தலையிலிருந்த பஞ்சுத் தொப்பி பறந்து பரண்மேல் போய் உட்கார்ந்தது. மைக் மாட்டியிருந்த ஹெட்செட்டின் காதும் செத்தது. கேட்பதற்கு ஸ்பீக்கரை மாட்டினார். 'மைக் ஆன்' என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொன்னது. எந்த மைக் என்று இவர் கேட்கவில்லை.

ஆச்சு, இந்த ஞாயிறும் வந்தது. சென்னையில் கிளம்பி, ஈரோடு தாண்டி, கோயமுத்தூர் திரையில் தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டீரிங்கில் ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பட்டனை அமுக்கினார்.

"கோயமுத்தூர் டவர், குட் ஈவினிங்குங்க. எறங்கறதுக்கு அனுமதி வேணுங்க."

பட்டனை விட்டதும் ஸ்பீக்கர் கரகரத்தது. "குக்கர் விசில்லா சார் கேக்கு? ஒங்களக் காணலையே."

"நான் இங்கதானுங்க இருக்கறேன்!"

"இப்பம் கடுகு பொரியுது சார்."

மகுடேஸ்வரனுக்கு அழுகை வந்தது. மறுபடியும் பட்டனை அமுக்கி, "கேக்குதுங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினார். அப்போது சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டவருங்களா? வணக்கமுங்ணா."

கை தானாகப் பட்டனை விட்டது. "யக்கா, நல்லா கேக்கு! நீங்க யாரு?" என்றது ஸ்பீக்கர், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"பட்டனை அமுக்குங்க!" என்றாள் தரணி உள்ளேயிருந்து. கல்யாணமான நாளிலிருந்து பழகின கை. உடனே அமுக்கியது.

"அந்த ஏரோப்ளேன் ஓட்டறவரோட ஊட்டுக்காரிங்ணா. அவர எறக்கி உட்டுராதீங்க. கல்யாணமான புதுசுல மொட்டை மாடில நின்னு, மேல போன ஏரோப்ளேன் வெளக்கக் காட்டி, அதுல உன்னையக் கூட்டிட்டுப் போறேன்னாருங்க. இப்ப புள்ள காலேஜே போயிட்டா. நாங்க இன்னும் பக்கத்துல இருக்கற அவிநாசியத் தாண்டலீங்க. ஞாயித்துக்கெழம ஆனா கதவச் சாத்திக்கிட்டு உங்ககிட்ட என்ன கொழைவா 'குட் ஈவினிங்'ங்கறாரு! அந்தக் கொரல்ல என்னைய ஒரு நாள் கூப்புட்டதில்லீங்ணா."

"உடுங்க பட்டனை," என்றாள். விட்டார்.

"கேப்டன்," என்றார் ஆரோக்கியராஜ். அவர் குரலும் ஒரு மாதிரியாக இருந்தது. "அனுமதி கெடையாது. மேலயே வட்டம் போடுங்க."

போட்டார். என்ன செய்ய? எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே வந்தது. கீழே திருப்பூர் விளக்குகள் தெரிந்தன. அதில் தன் வீடு எது என்று தேடினார், தெரியவில்லை. இத்தனை வருசமாக வானத்தைப் பார்த்து ஏங்கினது தான் ஒருத்தன் மட்டும்தான் என்று நினைத்திருந்தாரே! அதே மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிறவளும் அண்ணாந்து பார்த்திருப்பாள் என்று ஒரு நாளாவது தோன்றியதா?

கதவு திறந்தது. தரணி வந்தாள். இரண்டு காதிலும் அவள் மீட்டிங்குக்கு வைத்திருக்கிற ஒயரில்லாத ப்ளூடூத். ஒன்றைக் கழற்றி அவர் காதில் செருகினாள்.

"இதுல பேசுங்க. இதுலதான் கேக்கும். போன வாரம் நான்தான் கம்ப்யூட்டர் மைக்க இதுக்கு மாத்தி வெச்சேன்."

ஒரு ஜோடியில் ஒன்று அவள் காதில், ஒன்று அவர் காதில். மகுடேஸ்வரன் பட்டனை அமுக்கினார். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை.

"கோயமுத்தூர் டவர்... எங்கூட்டுக்காரியக் கூட்டிட்டுப் போறேனுங்க. நெசமான ஏரோப்ளேன்ல. சத்தியமா."

"கேக்கு கேப்டன். தெளிவா கேக்கு. எறங்குங்க."

சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு பேரும் காதிலிருந்ததைக் கழற்றவில்லை.

"எப்பங்க போலாம்?" என்றாள் தரணி மெதுவாக.

"இந்த ஷிப்மென்ட் முடியட்டும் அம்மிணி..."

"முடிஞ்சுருமுங்க. வர்ற வெள்ளிக்கெழம கோயமுத்தூர்ல ஏறி சென்னைல எறங்கறோம். டிக்கெட் போட்டு ஒரு வாரமாச்சு."

மகுடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். நிஜமான ஓடுபாதை! நிஜமான இறக்கை! மேகம் பக்கத்தில் வந்து போகும்! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மிணி, ஜன்னல் சீட்டுத்தானே போட்டிருக்கறே?"

"ஆமாங்க, எனக்கு. நீங்கதான் வாராவாரம் பாக்கறீங்களே."