பெர்லின் அண்ணனும் டெக்னோ சாமியும்

மீன்சுருட்டி வட்டாரத்துச் சாமிகளுக்கு ஐரோப்பிய மின்னிசையை அறிமுகப்படுத்திய பெருமை பெர்லின் அண்ணன் ஒருவரையே சாரும். சாமிகள் அவரை மன்னித்துவிட்டன என்றுதான் நம்புகிறேன்.

அண்ணன் கடைத்தெருவில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பார்க்க வந்த பெர்லின்காரர் ஒருவர், பென் டிரைவில் டெக்னோ இசையைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அண்ணனின் புத்தி கெட்டது. கோயில் மணி, சங்கு, உடுக்கை எல்லாவற்றையும் பதிந்து வந்து லேப்டாப்பில் அந்த டொம் டொம்மோடு கலந்தார். அண்ணி மாரியம்மன் பாட்டுப் பாட, நான் ஜால்ரா தட்ட, 'ஓம் எலக்ட்ரிக்' இசைக்குழு உதயமானது. முதல் கச்சேரி ஒரு காதுகுத்து. குத்துவதற்கு முன்பே குழந்தை அழுதது.

"நம்மூரு கோயில்ல ஒரு தடவ வாசிச்சிரணும் தம்பி" என்பார் அண்ணன். அது ஒன்றுதான் அவருடைய ஆசை. தர்மகர்த்தாவோ, "இந்த இரைச்சலுக்கு எந்தச் சாமிடா வரும்? இருக்கிறதும் ஓடிரும்" என்று விரட்டிவிடுவார்.

திருவிழாவன்று பூலாம்பாடியிலிருந்து வரவேண்டிய பம்பைக்காரர்களின் வேன் வழியில் படுத்துவிட்டது. பம்பை அடித்தால்தான் ஆத்தா இறங்குவாள். அவள் உத்தரவு கொடுத்தால்தான் கரகம் குளக்கரையை விட்டு நகரும். ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

"நான் வாசிக்கிறேன். சாமி வரலேன்னா லேப்டாப்ப இந்தக் குளத்துலயே போட்டுர்றேன்" என்றார் அண்ணன்.

"அதுக்காகவாவது வாசி" என்றார் தர்மகர்த்தா.

வாசித்தோம். வருஷா வருஷம் சாமியாடுகிறவருக்குக் கொட்டாவிதான் வந்தது. டெக்னோவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உச்சிக்குப் போனதும் சட்டென்று நின்று, கொஞ்சம் ஏங்கவிட்டுத்தான் இடியாக விழும். எங்கள் ஊரிலோ கொட்டு நின்றால் சாமி மலையேறிவிட்டது என்று அர்த்தம். இசை நின்றதும், எல்லாம் முடிந்ததென்று பூசாரி கற்பூரத்தை ஏற்றிவிட்டார்.

"எடுடா லேப்டாப்ப!" என்று தர்மகர்த்தா ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் வந்து நின்றார். அப்போது விழுந்தது இடி.

தர்மகர்த்தா குதித்தார். துண்டு ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். அவர் வம்சத்திலேயே யாருக்கும் சாமி வந்ததில்லை.

பூசாரி திருநீறோடு ஓடினார். "ஆத்தா! கரகம் எடுக்கலாமா? வேற என்ன வேணும், சொல்லும்மா!"

"எடுங்கடா! பாட்ட நிறுத்தாதடா!"

ஆனால் இசை நடுநடுவே நிற்கத்தானே செய்யும்? நின்றால் தர்மகர்த்தா திருதிருவென்று விழிப்பார், இடி விழுந்தால் குதிப்பார். கரகம் கோயில் சேர்வதற்குள் மலையேறி மலையேறி ஆத்தாவுக்கே கால் வலித்திருக்கும்.

யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்து அந்தப் பெர்லின்காரர் அழைக்க, அண்ணனும் அண்ணியும் இப்போது பெர்லினிலேயே கச்சேரி செய்கிறார்கள். போன வாரம் அண்ணன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்: "தம்பி, இங்க கூட்டம் நல்லாத்தான் ஆடுது. ஆனா ஒருத்தருக்கும் சாமி வரமாட்டேங்குது. மனசே ஒட்டல. திருவிழாவுக்கு வந்துர்றேன்."

தர்மகர்த்தாவிடம் போட்டுக் காட்டினேன். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"வரச் சொல்லுப்பா. எனக்கொண்ணும் இல்ல, ஆத்தாதான் தேடுறா" என்றார்.

எனக்கும் அண்ணன் இல்லாமல் ஊர் நன்றாக இல்லை. ஜால்ராவைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.