வாள்காரருக்கு யார் சாட்சி?

கொடைக்கானலில் முகிலையே வாசலில் நிறுத்தி, "ஒங்கள யாருக்குத் தெரியும்?" என்று கேட்கத் துணிந்த மனிதர் ஒருவர்தாம் உண்டு. ஊரார் அவரை வாள்காரர் என்றே அழைப்பர்.

ஏரிக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே, வெள்ளையர் காலத்துக் கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுவே மேசன் சபை, அதாவது ஃப்ரீமேசன் என்னும் பழைய மறைவுச் சகோதரச் சங்கத்தின் கூடம். கதவைச் சாத்திக்கொண்டு கூடுவோர் வேறென்ன செய்வர் என்று ஐயுற்ற பழைய ஊரார் அதற்குத் தலைவெட்டிக் கோயில் என்று பெயரிட்டனர். நானறிந்தவரை அங்கே வெட்டப்பட்டவை கேக்கும் வெள்ளரிக்காயும் மட்டுமே.

கூட்டம் நடக்கையில் உறுப்பினர் ஒருவர் உருவிய வாளுடன் வெளியே காவல் நிற்பது அவர்கள் மரபு. ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த நம் வாள்காரர் சபையில் சேர்ந்த மறு கூட்டத்தில், பழைய காவலருக்குக் காய்ச்சல் கண்டது. இன்று மட்டும் என்று சொல்லிக் கையில் கொடுத்த வாளை அவர் பிறகு எவரிடமும் கொடுக்கவேயில்லை.

உள்ளே நுழைபவருக்கு, முன்பு அவரோடு உள்ளே அமர்ந்த ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். பிறருக்கு இது சடங்கு, வாள்காரருக்கோ உயிர். கடையிலும் அதே கதைதான். தேனிலவுக்கு வந்த இளைஞன் சைக்கிள் கேட்டால், "ஒங்களத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்பார். அவன் புது மனைவியைக் காட்டுவான். "அவுங்களுக்கு ஒங்கள எத்தன நாளாத் தெரியும்?" என்பார். அந்த இணை ஏரியை நடந்தே சுற்றும்.

ஒருமுறை மார்பு நிறையப் பதக்கங்களுடன் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. உள்ளிருந்தவர்கள் கெஞ்சியும் வாள்காரர் அசையவில்லை.

"வாளு யாரு கையில இருக்கோ அவுங்க சொல்றதுதாங்க. ஐயாவுக்கு வேணா ஒரு டீ சொல்லவா?"

பெரியவர் டீயைக் குடித்துவிட்டு மலையிறங்கினார்.

பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான் சபையில் சேர இசைவு கிடைத்தது. என்னைச் சேர்க்கவிருந்த நாளில் பெருமழை. உள்ளே எழுவர் அமர்ந்தால்தான் சபை கூடும். ஏழாமவரான காப்பித் தோட்டக்காரரோ தாண்டிக்குடிச் சாலையில், விழுந்த மரத்துக்கு அப்பால் ஜீப்போடு நின்றிருந்தார். முந்தைய கூட்டங்களும் இவ்வாறே கலைந்திருந்தன. அன்றும் கூடாவிட்டால் சபையை மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. ரிசார்ட்காரர் ஒருவர் கட்டடத்தை அளந்துகூடப் போயிருந்தார்.

சபைத் தலைவரான பல் மருத்துவர் கதவைத் திறந்தார். "அண்ணே, நீங்களும் உறுப்பினர்தான? வெரசா உள்ள வாங்க, ஏழாயிரும்."

"எனக்கு யாருங்க சாட்சி?"

"வெளையாடாதீங்கண்ணே! உங்கள இந்த ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். உள்ள என்னோட உக்காந்தவுங்க யாரு?"

பிறர் வாயைத் திறக்கவைத்தே பழகிய மருத்துவரின் வாய் அன்று தானாகத் திறந்தது. உள்ளிருந்த அறுவரும் வாள்காரர் வாசலுக்கு வந்தபின் சேர்ந்தவர்கள். அவரோடு அமர்ந்தவர்களில் எவரும் அன்று மலையில் இல்லை.

"சாட்சி இல்லேன்னா காவலர் விசாரிச்சு விடலாமுல்ல? காவலர் நீங்கதான?"

வாள்காரர் இசைந்தார். கதவின் ஒருபுறம் நின்று மறைசொல்லைத் தாழ்ந்த குரலில் கேட்டார். மறுபுறம் நகர்ந்து விடையளித்தார். நான் காதுகளைப் பொத்திக்கொண்டேன். சிறிது நேரத்தில் அவர் முகம் வாடியது.

"சரி வரலீங்க. பதில்ல ஒரு தயக்கம் தெரியுது."

"சபையையே மூடிருவாங்கண்ணே!"

"தெரியாமயா நிக்கிறேன்? எனக்கு மட்டும் நானே வழிய விட்டா, இத்தன நாளு நின்னதுக்கு என்னங்க அர்த்தம்?"

நான் கையை நீட்டினேன். "வாளை இப்படிக் கொடுங்க."

"தமிழய்யா, நீங்க இன்னும் சேரலயே. ஒங்களத் தடுக்கத்தான் இந்த வாளே!"

"நான்தான் வெளியே நிற்கிறேனே. தடுத்தாயிற்று அல்லவா?"

அவர் இந்த வாதத்தில் குற்றம் காண முடியாமல் வாளைத் தந்தார். நான் நிமிர்ந்து நின்று கேட்டேன்: "உங்களுக்கு யார் சாட்சி?"

"யாரும் இல்லீங்க."

"நான் இருக்கிறேன். உள்ளே போங்க."

"ஒங்க சாட்சி செல்லாதுங்களே!"

"வாள் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான்."

வாள்காரர் காலணியைத் துடைத்து, கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். சபை கூடியது.

என்னை அழைத்தபோது வாளைக் கதவோரம் சாய்த்துவைத்தேன்; அதன்பின் வாசலுக்கு முகில் மட்டுமே காவல். உள்ளே கடைசி நாற்காலியில் அமர்ந்து, கூரையில் தீட்டிய விண்மீன்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவற்றை அத்தனை காலம் காத்தவர். நான் உறுதிமொழி கூறி முடித்ததும் அவசரமாக எழுந்து வாசலுக்கு ஓடினார்.

சபை இன்றும் கூடுகிறது. பூம்பாறைப் பூண்டு வியாபாரி ஒருவர்கூடப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ரிசார்ட்காரர் வேறு இடம் அளக்கப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போனபோது வாள் என் மார்புக்கு நேரே நீண்டது. "ஒங்களுக்கு யாருங்க சாட்சி?"

சாட்சிக்கு ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தேன். முகிலைத் தவிர ஒருவருமில்லை. அதற்குள் வாள் தாழ்ந்திருந்தது.

"ஏங்க முழிக்கிறீங்க? நான்தாங்க. நம்ம ரெண்டு பேரும் உள்ள ஒண்ணா உக்காந்திருக்கோமே."